செக் நாட்டில் ஒரு குளிர்கால செமஸ்டர்: விசா முதல் தேர்வு வரை முழுமையான வழிகாட்டி

ஒரு செமஸ்டர் படிக்க ப்ராக் போகிறவர்களில் பலர், போய் இறங்கிய வாரமே வியன்னா, பெர்லின், பாரிஸ், ரோம் என்று வார இறுதிகளைப் பங்கு போட்டுவிடுகிறார்கள். செக் நாடு ஐரோப்பாவின் நடுவில் இருக்கிறது, பயணச் செலவும் குறைவு. ஆசை வருவது இயல்புதான். ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். செப்டம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரியில் முடிகிற குளிர்கால செமஸ்டருக்குள் செக் வரலாற்றின் முக்கியமான நாள்கள் பல வந்துவிடுகின்றன. அவற்றில் சில மாணவர்களாலேயே வரலாற்றில் நின்றவை. அந்த நாள்களில் ஊரிலேயே இருங்கள், மற்ற வார இறுதிகளில் உள்ளூர் ரயில் ஏறிச் சின்ன ஊர்களுக்குப் போங்கள். ஐந்து மாதத்தில் ஒரு நாட்டோடு உண்மையான பழக்கம் உண்டாகும். இந்த வழிகாட்டியை அந்த மாத வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

முதலில், எந்த ஊர்?

ப்ராக்கில் இருக்கும் சார்லஸ் பல்கலைக்கழகம் 1348-இல் நான்காம் சார்லஸ் மன்னர் நிறுவியது. மத்திய ஐரோப்பாவிலேயே பழமையானது. அந்தப் பெயருக்காகவே பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தவறில்லை. ஆனால் ப்ர்னோவில் மசாரிக் பல்கலைக்கழகமும் (1919), ஓலொமோட்ஸில் பலாட்ஸ்கி பல்கலைக்கழகமும் (1573) இருக்கின்றன. ப்ராக்கின் மையத்தில் சுற்றுலாக் கூட்டம் ஆண்டு முழுக்க ஓயாது. ஓலொமோட்ஸில் தெருவில் எதிர்ப்படுகிறவர்களில் பெரும்பகுதி மாணவர்கள். செக் நண்பர்கள் வேண்டும், செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால் ஓலொமோட்ஸ் அல்லது ப்ர்னோவைத்தான் சொல்வேன். உயிரியல் படிக்கிறவர்களுக்கு ப்ர்னோவில் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. கிரெகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபு விதிகளைக் கண்டறிந்த மடம் அங்கேதான் இருக்கிறது.

விசா

இந்திய மாணவர்கள் 90 நாளுக்கு மேல் தங்கப் படிப்புக்கான நீண்ட கால விசா எடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம், தங்குமிடத்துக்கான உறுதிக் கடிதம், செலவுக்குப் பணம் இருப்பதற்கான வங்கி ஆதாரம், மருத்துவக் காப்பீடு, புகைப்படங்கள் ஆகியவை அடிப்படை. காவல் துறை நற்சான்றும் கேட்கக்கூடும். பாஸ்போர்ட் தவிர மற்ற ஆவணங்கள் செக் மொழியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்போடு இருக்க வேண்டும். இந்தியாவில் வழங்கிய அரசுச் சான்றுகளுக்கு வெளிநாட்டில் ஏற்கும்படி சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரையும் தேவைப்படும். பட்டியல் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் வாரத்தில் டெல்லியில் உள்ள செக் தூதரகத்தின் இணையதளத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

முடிவு சொல்லச் சட்டப்படி அவர்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு, சிக்கலான விண்ணப்பம் என்றால் அதற்கு மேலும் ஆகலாம். அதனால் சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே நேர்முகத் தேதிக்கு முயற்சி செய்யுங்கள். விடுதி இடத்தை உறுதி செய்யாமல் விண்ணப்பமே நகராது என்பதால், செக் மொழியில் 'கோலெய்' என்று சொல்லும் மாணவர் விடுதிக்கு எழுதுவதுதான் உண்மையில் முதல் படி. இந்த விசா இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கும் 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம்.

முதல் வாரம்

வந்து இறங்கிய 3 வேலை நாள்களுக்குள் உங்கள் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். விடுதியில் தங்கினால் பெரும்பாலும் விடுதி நிர்வாகமே செய்துவிடும், ஆனால் செய்தார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். தனி அறை வாடகைக்கு எடுத்தவர்கள் தாங்களே போய்ப் பதிய வேண்டியிருக்கும்.

அடுத்தது பணம். செக் நாடு 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, ஆனால் நாணயம் இன்னும் கொருனாதான். கிட்டத்தட்ட எல்லாக் கடையிலும் கார்டு எடுத்துக்கொள்கிறார்கள். ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது திரையில் 'உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கொருனாவிலேயே எடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் ஏடிஎம்களை விட்டுவிட்டு வங்கியின் ஏடிஎம்மைத் தேடுங்கள். நாணய மாற்றுக் கடையில் விலை மோசம் என்று பிறகு தெரிந்தால், ரசீதோடு 3 மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் ரத்து செய்யலாம். 2019 முதல் சட்டமே அப்படித்தான். 1,000 யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்துக்கு இது பொருந்தும்.

மூன்றாவது, ஐசிக் (ISIC) என்ற சர்வதேச மாணவர் அட்டை. இதைத் தள்ளிப் போடாதீர்கள். 18 முதல் 26 வயது வரையுள்ள மாணவர்களுக்கு நாடு முழுக்க ரயிலிலும் வெளியூர்ப் பேருந்திலும் பாதிக் கட்டணம்தான், அதற்குக் காட்ட வேண்டிய அட்டை இது. அப்புறம் நகரப் போக்குவரத்துக்கான மாணவர் பாஸ். ப்ராக்கில் மெட்ரோ, டிராம், பஸ் மூன்றுக்கும் ஒரே பாஸ், மூன்று மாதத்துக்கு எடுப்பது லாபம். பாஸ் வரும்வரை தனி டிக்கெட் வாங்கினால், ஏறியதும் மஞ்சள் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், மெட்ரோவில் உள்ளே நுழையும் முன்பே. முத்திரை இல்லாத டிக்கெட் செல்லாது. பரிசோதகர்கள் சாதாரண உடையில்தான் வருவார்கள்.

வகுப்பும் தேர்வும்

ஒரு செமஸ்டருக்கு 30 ஐரோப்பியக் கிரெடிட் (ECTS, பாடச் சுமையின் அலகு) என்பது வழக்கமான அளவு. டிசம்பர் கடைசியில் அல்லது ஜனவரித் தொடக்கத்தில் வகுப்புகள் முடியும், அதன்பின் பிப்ரவரி வரை தேர்வுக் காலம். நம் ஊர் போல எல்லாருக்கும் ஒரே நாளில் தேர்வு நடப்பதில்லை. ஆசிரியர் சில தேதிகளை அறிவிப்பார், நீங்கள் கணினியில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பதிவு திறந்த அன்றே முதல் தேதியை எடுங்கள். சரியாக வராவிட்டால் பெரும்பாலும் இன்னொரு தேதியில் எழுதலாம், அதற்கு நாள் மிச்சம் இருக்க வேண்டுமே. நிறையத் தேர்வுகள் வாய்மொழித் தேர்வுகள். ஆசிரியர் எதிரே உட்கார்ந்து ஒரு தலைப்பைப் பேசி விளக்க வேண்டும். மனப்பாடம் அங்கே உதவாது. எண்களில் மதிப்பெண் போடும் இடங்களில் 1 என்பதுதான் உச்சம், 4 வந்தால் தோல்வி.

சாப்பாடு

பல்கலைக்கழக உணவகத்துக்கு மென்சா என்று பெயர். மாணவர் அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டு சாப்பிடலாம், இதைவிட மலிவான சூடான மதிய உணவு கிடைக்காது. வெளியே சாப்பிட்டால் வேலை நாள் மதியம் 11 முதல் 2 மணிக்குள் போங்கள். அப்போது உணவகங்களில் அன்றைய மதியப் பட்டியல் தனியாக இருக்கும், அதே சாப்பாடு இரவில் நன்றாகவே விலை கூடும். தண்ணீருக்குப் பல இடங்களில் காசு உண்டு.

செக் சமையல் இறைச்சியைச் சுற்றியது. சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டியலில் 'பெஸ்மாசா' என்ற பகுதியைத் தேட வேண்டும். மாவில் புரட்டிப் பொரித்த சீஸ் எல்லா ஊரிலும் கிடைக்கும், ஆனால் தினமும் அதையே சாப்பிட முடியாது. உருளைக்கிழங்கு சூப், காளானும் சதகுப்பைக் கீரையும் போட்ட குலைடா சூப், பழம் உள்ளே வைத்து வேகவைத்த க்னெட்லீக்கி உருண்டை இவையெல்லாம் ருசியானவை. சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பீருக்குப் பேர்போன நாடு, பில்சன் நகரில் 1842-இல் பிறந்த பீர் வகைதான் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. குடிக்காதவர்களுக்கு 1960 முதல் செக் மக்கள் விரும்பிக் குடிக்கும் கொஃபோலா இருக்கிறது, மூலிகை வாசனையுள்ள குளிர்பானம்.

அரிசி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, இஞ்சி வேண்டுமென்றால் ப்ராக்கின் தெற்கே லிபுஷ் பகுதியில் உள்ள சாபா சந்தைக்குப் போங்கள். கம்யூனிச ஆட்சிக் காலத்தில் வேலைக்கும் படிப்புக்கும் வந்து தங்கிவிட்ட வியட்நாமியர்களின் பெரிய சந்தை அது. அங்கே ஒரு கிண்ணம் ஃபோ நூடுல்ஸ் சாப்பிடுங்கள். அதுவும் இன்றைய செக் வாழ்க்கையின் ஒரு பகுதிதான்.

மனிதர்களோடு

செக் மக்கள் முதலில் இறுக்கமாகத் தெரிவார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை என்றால் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைக்குள் நுழையும்போதும் லிஃப்டில் ஏறும்போதும் 'டோப்ரி டென்' என்று வணக்கம் சொல்லுங்கள். ரயில் பெட்டியில் உட்காரும் முன்பும் அப்படியே. சொல்லாமல் இருப்பதுதான் அங்கே மரியாதைக் குறைவு. மாணவர்களுக்குள் 'அஹோய்' போதும். வீட்டுக்கு அழைத்தால் வாசலில் செருப்பைக் கழற்றுவது அவர்கள் வழக்கமும்கூட, உள்ளே போட்டுக்கொள்ள வேறு செருப்பு தருவார்கள். பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் சங்கம் இருக்கும், வருகைக்கு முன்பே உள்ளூர் மாணவர் ஒருவரைத் துணையாக இணைத்து வைப்பார்கள். அந்தப் படிவத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். என் அனுபவத்தில் செக் நண்பர்கள் கிடைக்க அதைவிடச் சுலபமான வழியில்லை.

செப்டம்பர், அக்டோபர்: கோட்டைகளும் காடுகளும்

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். செக் கோட்டைகளிலும் மாளிகைகளிலும் பல குளிர்காலத்தில் மூடியிருக்கும் அல்லது வார இறுதியில் மட்டும் திறக்கும். திங்கள்கிழமை பெரும்பாலானவை விடுமுறை. அதனால் கோட்டைகளை முதல் இரண்டு மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். ப்ராக்கிலிருந்து முக்கால் மணி நேர ரயிலில் கார்ல்ஷ்டெய்ன் கோட்டை, அரச நகைகளைக் காக்க நான்காம் சார்லஸ் கட்டியது. கொனோபிஷ்ட்யே மாளிகையில் வாழ்ந்தவர் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். 1914-இல் சரயேவோவில் அவர் சுடப்பட்டதிலிருந்துதான் முதல் உலகப்போர் மூண்டது. செஸ்கி க்ரும்லோவ் அழகான ஊர்தான், ஆனால் பகலில் கூட்டம் தாங்காது. ஓர் இரவு தங்கி அதிகாலையில் நடக்க முடியுமென்றால் போங்கள்.

ரயிலில் கவனிக்க ஒன்று: செக் ரயில்வேயோடு ரெஜியோஜெட், லியோ எக்ஸ்பிரஸ் போன்ற தனியார் நிறுவனங்களும் ஓடுகின்றன. ஒரு நிறுவனத்தின் சாதாரண டிக்கெட் இன்னொன்றில் செல்லாது. நேர அட்டவணைக்கு ஐடோஸ் தளம் நம்பகமானது. கிளைப் பாதைகளில் சில நிறுத்தங்களில் பொத்தானை அழுத்தினால்தான் ரயில் நிற்கும், பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

காட்டில் நடக்காமல் இந்த நாட்டைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன். 1888-இல் தொடங்கிய செக் சுற்றுலாக் கழகத்தின் தன்னார்வலர்கள் நாடெங்கும் 40,000 கிலோமீட்டருக்கு மேல் நடைபாதைகளை வண்ணக் குறியிட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே சிவப்பு, நீலம், பச்சை அல்லது மஞ்சள் கோடு. மரத்தில் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே ஒரு ரயில் நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்துவிடலாம். மாப்பி செயலியில் இந்தப் பாதைகள் எல்லாம் இருக்கின்றன, இணையம் இல்லாமலும் வேலை செய்யும். வடக்கே பொஹீமியன் சுவிட்சர்லாந்து தேசியப் பூங்காவில் ப்ராவ்சிட்ஸ்கா ப்ரானா என்ற மணற்கல் வளைவு இருக்கிறது, ஐரோப்பாவிலேயே பெரிய இயற்கை மணற்கல் வளைவு அது. 2022-இல் அங்கே பெரிய காட்டுத்தீ பரவியது, எரிந்த இடத்தில் இளங்கன்றுகள் முளைத்து வருவதைப் பார்க்கலாம்.

இலையுதிர்காலத்தில் தெற்கே ட்ர்ஷெபோன் ஊர்ப் பக்கம் மீன் குளங்களை வடித்துக் கெண்டை மீன் பிடிப்பார்கள். அங்குள்ள ரோஷ்ம்பெர்க் குளம் 1590-இல் கட்டி முடிக்கப்பட்டது, நாட்டிலேயே பெரிய குளம். நாம் ஏரி என்றே சொல்லும் அளவு. விடியற்காலையில் வலை இழுப்பதை ஊரே கரையில் நின்று பார்க்கும். இதைப் பார்த்திருந்தால் டிசம்பரில் வரப்போகும் காட்சி இன்னும் நன்றாகப் புரியும்.

அக்டோபர் 28, செக்கோஸ்லோவாக்கியா 1918-இல் பிறந்த நாள். 1993 ஜனவரி 1 அன்று அந்த நாடு இரண்டாகப் பிரிந்த பிறகும் செக் மக்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். அன்றும், புனித வாட்ஸ்லாவ் நாளான செப்டம்பர் 28 அன்றும் பெரிய கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். முந்தின நாளே பால், ரொட்டி வாங்கி வையுங்கள்.

நவம்பர்

இந்த மாதம் ப்ராக்கை விட்டுத் தூரமாகப் போகாதீர்கள். நீங்கள் வேறு ஊரில் படித்தாலும் நவம்பர் 17 அன்று ப்ராக் வந்துவிடுங்கள்.

1939 அக்டோபர் 28 அன்று, நாஜி ஆக்கிரமிப்புக்கு எதிராக ப்ராக்கில் மக்கள் திரண்டார்கள். யான் ஒப்ளெட்டல் என்ற மருத்துவ மாணவர் சுடப்பட்டு, நவம்பர் 11 அன்று இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலம் மீண்டும் போராட்டமானது. நவம்பர் 17 விடியலில் நாஜிகள் மாணவர் விடுதிகளுக்குள் புகுந்தார்கள். மாணவர் இயக்கத்தைச் சேர்ந்த ஒன்பது பேரை விசாரணையின்றிக் கொன்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். செக் உயர்கல்வி நிறுவனங்கள் அனைத்தும் மூடப்பட்டன. உலக மாணவர் தினம் நவம்பர் 17 என்று வைத்திருப்பது இதனால்தான்.

சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1989 நவம்பர் 17 மாலை, அந்த நினைவைக் கடைப்பிடிக்க மாணவர்கள் அல்பெர்ட்டோவ் பகுதியில் கூடினார்கள். அனுமதி பெற்ற கூட்டம். அங்கிருந்து விஷெஹ்ராட் மேட்டுக்குப் போய், பிறகு நகர மையம் நோக்கி நடந்தபோது நரோட்னி தெருவில் கம்யூனிச அரசின் காவல்படை வழிமறித்து அடித்தது. அடுத்த நாளே மாணவர்களும் நாடக நடிகர்களும் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். ஒரு வாரத்தில் லெட்னா மைதானத்தில் லட்சக்கணக்கானவர்கள் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். கம்யூனிச ஆட்சி சரிந்து, டிசம்பர் 29 அன்று, அதே ஆண்டு மே மாதம் வரை சிறையில் இருந்த நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் குடியரசுத் தலைவரானார்.

நீங்கள் அன்று செய்ய வேண்டியது எளிது. காலையில் அல்பெர்ட்டோவ், அங்கே மாணவர்கள் பேசுவார்கள். பிறகு விஷெஹ்ராட், அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர்கள் த்வோர்ஷாக், ஸ்மெட்டனா இருவரும் இருக்கிறார்கள். மாலையில் நரோட்னி தெரு. ஒரு நடைகூடத்துச் சுவரில் வெண்கலக் கைகள் நீண்டிருக்கும் சிறிய நினைவுச் சின்னம் இருக்கிறது, அன்று அதன் கீழே மெழுகுவத்திகள் நிறைந்திருக்கும். ஒன்றை ஏற்றிவிட்டு நில்லுங்கள். வயதானவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தாங்கள் எங்கே நின்றோம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த டெரெசீன் ஊருக்கும் இந்த மாதமே போங்கள். ஆனால் அதற்கு முன் ப்ராக் யூதர் பகுதியில் உள்ள பின்காஸ் தொழுகைக் கூடத்தைப் பாருங்கள். நாஜிகள் கொன்ற செக் யூதர்கள் ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்கள் அதன் சுவரெங்கும் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. மாடியில் டெரெசீனில் அடைபட்ட குழந்தைகள் வரைந்த ஓவியங்கள். அதன்பின் ஹொலெஷோவிட்சே நிலையத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்தில் டெரெசீன். 1941 முதல் 1945 வரை 1,40,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். சுமார் 33,000 பேர் அங்கேயே இறந்தார்கள், 80,000-க்கும் மேற்பட்டவர்கள் கிழக்கே மரண முகாம்களுக்கு ஏற்றப்பட்டார்கள். முழு நாளை ஒதுக்குங்கள், திரும்பி வந்து வேறு திட்டம் வைக்க வேண்டாம்.

டிசம்பர்

நாலு மணிக்கே இருட்டிவிடும். வெயிலில் வளர்ந்த நமக்கு இது உடம்பைவிட மனதைத்தான் முதலில் தாக்கும். மதிய இடைவேளையில் கட்டாயம் வெளியே நடங்கள். மாலையில் அறையில் தனியாக உட்காராமல் நூலகத்துக்கோ நாடகத்துக்கோ போங்கள். ப்ராக்கின் தேசிய நாடக அரங்கு மக்கள் நன்கொடையில் எழுந்தது. 1881-இல் திறந்த சில வாரத்திலேயே எரிந்துபோக, மக்கள் மறுபடியும் பணம் திரட்டி 1883-இல் மீண்டும் திறந்தார்கள். மாணவர் சலுகை இருக்கிறதா என்று கேட்டு, மேல் அடுக்கில் ஓர் இடம் எடுத்தாலே போதும்.

டிசம்பர் 5 மாலை தெருவில் மிகுலாஷ் என்ற தாடிவைத்த பிஷப், ஒரு தேவதை, சங்கிலி குலுக்கும் பிசாசு மூவரும் குழந்தைகளைத் தேடி வருவார்கள். 20-ஆம் தேதியை ஒட்டித் தெருமுனைகளில் தண்ணீர்த் தொட்டிகளில் உயிருள்ள கெண்டை மீன்கள் வந்து நிற்கும். ட்ர்ஷெபோன் பக்கத்துக் குளங்களில் பிடித்தவையும் அவற்றில் இருக்கும். 24 இரவு விருந்து பொரித்த கெண்டையும் உருளைக்கிழங்கு சாலட்டும்தான். பணம் சேரும் என்று மீன் செதிலைப் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள். பரிசு கொண்டுவருவது குழந்தை இயேசு. நண்பர் வீட்டுக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். விடுதியில் தங்கினால், 24 மதியம் முதல் 26 வரை பெரிய கடைகள் மூடியிருக்கும், மென்சாவும் இருக்காது. சமையலுக்கு வேண்டியதை முன்பே வாங்குங்கள்.

ஜனவரி, பிப்ரவரி

தேர்வுகளுக்கு நடுவே இரண்டு இடங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். 1968 ஆகஸ்ட் 21 அன்று, செக்கோஸ்லோவாக்கியாவின் சீர்திருத்தங்களை அடக்கச் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் நுழைந்தன. மக்கள் மெல்ல அடங்கிப் போவதைத் தாங்க முடியாமல், சார்லஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த யான் பலாஹ் என்ற 20 வயது மாணவர் 1969 ஜனவரி 16 அன்று வாட்ஸ்லாவ் சதுக்கத்தின் மேல்முனையில் தீக்குளித்தார். மூன்று நாள் கழித்து இறந்தார். தேசிய அருங்காட்சியகத்தின் முன் நடைபாதைக் கற்களிலிருந்து புடைத்தெழும் வெண்கலச் சிலுவை அவருக்கானது. அவர் படித்த கலைப்புலக் கட்டடம் ஆற்றங்கரையில், இன்று அவர் பெயரிலேயே உள்ள சதுக்கத்தில் இருக்கிறது.

தமிழர்களுக்கு இந்தப் பல்கலைக்கழகத்தோடு இன்னொரு உறவும் உண்டு. 1927 நவம்பர் 17 அன்று ப்ராக்கில் பிறந்து, இங்கே படித்து, தமிழ் இலக்கியத்தை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எடுத்துச் சொன்ன அறிஞர் கமில் சுவெலபில், 1968 ஆக்கிரமிப்புக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறினார். பிறகு நெதர்லாந்தில் பல ஆண்டு கற்பித்தார்.

கடைசித் தேர்வு முடிந்ததும் பனி பார்க்க க்ர்கோனோஷே மலைக்குப் போகலாம், 1,603 மீட்டர் உயர ஸ்னெஷ்கா சிகரம் அங்கே இருக்கிறது. மலையில் வழுக்காத காலணி இல்லாமல் ஏறாதீர்கள். ஊர் திரும்பும் முன் பல்கலைக்கழக வெளிநாட்டுப் பிரிவில் மதிப்பெண் பட்டியல் எப்போது வரும், எந்த முகவரிக்கு வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் கல்லூரி ஒப்புக்கொண்ட பாடங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடுதி முன்பணத்தைத் திருப்பித் தர வங்கிக் கணக்கு எண் கேட்பார்கள், அறையை ஒப்படைக்கும் நாளுக்கு முன்பே அதைக் கொடுத்துவிடுங்கள்.